மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பவர்

ராஜபாளையத்தில் ப்ளெக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருந்த அவரைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடைக்காது. இன்றைக்கும் கிடைக்காது. குடிக்க மாட்டார். பீடி, சிகரெட் கிடையாது. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கடைக்கு வருகிறவருக்கு டீ வாங்கிக் கொடுத்தால், குடித்த கிளாஸை அவரே கழுவிக் கவிழ்த்து வைப்பார். ஊரில் உள்ள முகத்தையெல்லாம் போர்டில் அடித்த அந்த மனிதர், தன் முகத்தை ஒரு போர்டிலும் போட்டுக்கொண்டதில்லை.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, பயம்தான். அவருடைய சங்கத்தின் பெயரையும் சாதியின் பெயரையும்கூட விட்டுவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் எந்தச் சாதியை வைத்து வாசித்தாலும் பொருந்தும் என்பதால் வாசகருக்கு நஷ்டமில்லை. மற்றவர்களின் பெயர்களையும், உறவு முறைகளில் ஒன்றிரண்டையும் மாற்றியிருக்கிறேன். தேதிகள் என்னிடம் சரியாக இருக்கின்றன. ஆனால் இங்கே மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவரை நான் முதலில் பார்த்தது என் மனைவி இறந்த அன்று. புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாள் கோயில் கூட்டத்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்களில் கால் வைக்க இடமில்லை, உறவுக்காரர்கள் வந்து சேரத் தாமதமாகிக்கொண்டிருந்தது. என் தங்கை மகன் செல்வம் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குச் சொல்லியிருந்தான். போஸ்டர் அடிக்கிறவர்கள் வீட்டுக்கு வருவது வழக்கமில்லை. போனில் போட்டோவை வாங்கி அடித்து அனுப்பிவிடுவார்கள். இவர் ராஜபாளையத்திலிருந்து நேரில் வந்தார். சுவரிலிருந்த படத்தைக் கழற்றி, வெளிச்சத்தில் வைத்து, போனில் எடுத்துக்கொண்டார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேப்பேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க. மதினி மனசுல கடைசி வரைக்கும் கெடந்த வருத்தம் என்ன?"

அப்படி ஒரு கேள்வியை அன்று வந்த எவரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள், மகளுக்குச் சொல்லியாயிற்றா, ஐஸ் பெட்டி வந்ததா என்றுதான் கேட்டார்கள். நான் அவரிடம் சொன்னேன். தாலுகா ஆபீஸில் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், மனு கொடுக்க வந்தவர்கள் பார்க்க, மேலதிகாரி ஒருவர் ஒரு பைலை என் மேஜைமேல் விட்டெறிந்தார். அது சறுக்கி விழுந்து தாள்கள் பரவின. நான் குனிந்து பொறுக்கினேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு அந்த அதிகாரியைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் முகம் மாறிவிடும். இவ்வளவுதான் சங்கதி. வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் சொல்லி முடித்தபோது என் கையைப் பிடித்து, "இதை விட்டுறாதீங்க அண்ணாச்சி" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. நெஞ்சு லேசாக இருந்தது. சாவு வீட்டில், அத்தனை பேர் நடுவில், ஒருவர் எனக்காகக் கோபப்பட்டிருந்தார்.

அதற்குப் பிறகு ராஜபாளையம் போகும்போதெல்லாம் கடையில் தலையைக் காட்டுவேன். அந்தக் கடையின் பெரிய மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஒரு நாள் ஒரு சடங்கு போர்டு பாதி அடித்திருந்தது. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் ஒருவர் வேறு ஏதோ காரியமாக வந்து, போகிற போக்கில் தன் மேஸ்திரியைப் பற்றி முணுமுணுத்தார். இவர் சட்டென்று மெஷினை நிறுத்தினார்.

இது சாதாரண விஷயமில்லை. அடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தினால் போர்டின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழுந்துவிடும். அந்தக் கோட்டோடு யாரும் போர்டு வாங்கமாட்டார்கள். துணியைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். சடங்கான பெண்ணின் முகம் மூக்கு வரைக்கும் வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தச் சத்தத்துல நீங்க பேசுறது எனக்குக் கேக்கலை தம்பி. இப்பச் சொல்லுங்க."

அந்த ஆள் போர்டைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். "எனக்காகவா அண்ணே நிறுத்தினீங்க?"

"போர்டு நாளைக்கும் அடிக்கலாம். நீங்க சொல்லுங்க."

'உங்க ஆளுகளுக்கு இம்புட்டுத்தான் மூளை' என்று மேஸ்திரி சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் அழுதார். நாற்பது வயதிருக்கும். ஷிப்டு முழுவதும் நிற்காத மெஷின்களின் பின்னால் ஓடுகிறவர். அவருக்காக ஒரு மெஷின் நின்றது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். எனக்கும் அன்று கண் கலங்கிற்று. இப்படியும் ஒரு மனிதரா என்று தங்கையிடம் வந்து சொன்னேன்.

அதே ஆளை அதே கடையில் ஐப்பசியில் மறுபடி பார்த்தேன். இவர் டீயை நீட்டிக்கொண்டே கேட்டார்: "அன்னைக்கு உங்க அப்பாவையும் சேத்துல்லா பேசினான் அந்த மேஸ்திரி?"

அந்த ஆள் யோசித்தார். "அப்பாவைச் சொன்ன மாதிரி ஞாபகம் இல்லையேண்ணே."

"நீங்க மறக்கலை தம்பி. மறக்க வச்சுட்டாங்க."

அவருடைய மொத்த வித்தையும் அந்த வாக்கியத்தில் இருந்தது என்று இப்போது தெரிகிறது. ஒருவர் சொன்ன காயத்தை அவர் மறப்பதே இல்லை. பத்திரமாக வைத்திருந்து அடுத்த தடவை திருப்பிக் கொடுப்பார். கொடுக்கும்போது அது கொஞ்சம் வளர்ந்திருக்கும். மூன்றாவது தடவை அவர் சொல்ல வேண்டியதே இல்லை. காயத்துக்கு உரியவரே வளர்ந்த கணக்கில் சொல்ல ஆரம்பித்துவிடுவார். மார்கழியில் அந்த மில்காரர் பஸ் ஸ்டாண்டில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அப்பா, அம்மா, பாட்டன் எல்லாரும் வந்திருந்தார்கள்.

பழைய சங்கதிகளை நான் சேர்த்து வைப்பவன் என்பது அவருக்குத் தெரியும். ஒரு நாள் வீடு தேடி வந்தார். தேவதானம் பக்கத்தில் எங்கள் தாத்தா காலத்தில் வாய்க்கால் தண்ணீருக்காக நடந்த தகராறைப் பற்றிக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு தெருக்காரர்களும் மடையில் மல்லுக்கட்டினார்கள். கலவரத்தில் ஒரு காளையின் கால் ஒடிந்தது. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்ததால் பிரச்சினை அதோடு போயிற்று. அடுத்த வருஷம் இரண்டு தெருவும் சேர்ந்தே வாய்க்காலைத் தூர் வாரினார்கள்.

"ஆளு யாரும் சாகலையா?"

"இல்லை. காளைதான். அதுவும் சாகலை."

"செத்ததாச் சொல்லுதாங்களே."

"சொல்லுவாங்க. விசாரிச்சுட்டேன். அந்த வருஷம் அந்தத் தெருவுல எந்தச் சாவும் கெடையாது."

அவர் சிரித்தார். கன்னத்தில் குழி விழுந்தது. "உங்களுக்கு வருஷம் முக்கியம் அண்ணாச்சி. பயலுகளுக்கு ரோஷம் முக்கியம். மாடா இருந்தா என்ன, மனுசனா இருந்தா என்ன?"

தை மாதத்தில் அவர்கள் சங்கத்துக் கூட்டத்தில் ஒருவர் மைக்கில் பேசினார். மடையில் வெட்டுப்பட்டுச் செத்த பெரியவருக்கு ஒரு பெயர் இருந்தது, வயது இருந்தது, சாகும்போது அவர் சொன்ன கடைசி வார்த்தைகூட இருந்தது. கூட்டத்தில் பல பேர் அழுதார்கள். இவர் மேடைப் பக்கமே போகவில்லை. கடைசி வரிசையில் நின்று தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

செல்வத்தைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

தகப்பன் இல்லாத பிள்ளை. ஐடிஐ முடித்துவிட்டு ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரே சேக்காளி கணேசன், எலக்ட்ரீசியன், ஐடிஐயில் பக்கத்து பெஞ்சு. ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரன். அந்தப் பக்கம் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படியும் இரண்டு பேரும் ஒரே பைக்கில்தான் சுற்றுவார்கள்.

தை மாதக் கூட்டத்துக்கு முந்தின கார்த்திகையில் ஒரு நாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். செல்வம் சரியாக ஸ்டாண்டு போடாததால் கணேசனின் புது பைக் சாய்ந்து கண்ணாடி உடைந்தது.

"ஏலே எருமை, கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று கணேசன் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். செல்வம் ஓர் எட்டு பின்னால் போனான். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "சாமியே வையுது பாரு" என்று ஒருவர் சொன்னார். கணேசன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். கறுப்பு வேட்டி, வெறும் கால். அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மன்னிச்சுரு சாமி" என்றான் செல்வத்திடம். இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு அதே பைக்கில் போனார்கள். பைக் போகும்போது செல்வம் எனக்குக் கை காட்டினான்.

இவ்வளவுதான் நடந்தது. நான் அங்கே இருந்தேன்.

பொங்கலுக்கு ஊர் முழுக்க வாழ்த்து போர்டுகள். சங்கத்துப் போர்டில் கீழே வரிசையாக இளைஞர்களின் முகம், ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி. அதில் செல்வத்தின் முகம் இருந்தது. என் தங்கை ராஜம் அந்த போர்டுக்குக் கீழே போய் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க வீட்டு ஆம்பள மூஞ்சி ஒண்ணு ரோட்டுல தெரியுதுல்லாண்ணே. அவிய அப்பா செத்ததுக்குக்கூட நாங்க போஸ்டர் அடிக்கலை. அந்த அண்ணன் வாய்தவறிக்கூடச் செலவு எம்புட்டுன்னு பேசலை."

கணவன் செத்த பிறகு அவள் வீட்டு வாசலில் யாரும் நின்று விசாரித்ததில்லை. நானே நல்லது கெட்டதுக்குத்தான் போவேன். இப்போது தினம் நாலு பையன்கள் வந்து "அம்மா, கேன்ல தண்ணி இருக்கா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். செல்வத்தின் கையில் கலர் கயிறு ஏறியது. போனில் அவன் வைக்கும் ஸ்டேட்டஸில் சிங்கம் வந்தது. மில்லில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் 'வாங்க' என்றார்கள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். செல்வத்தின் போன் அடித்தது. திரையில் கணேசன் பெயர். செல்வம் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ஏம்லே, எடுத்துப் பேசு" என்றேன்.

"செருப்பால அடிச்சவன்கிட்ட என்ன மாமா பேச்சு?"

"எப்பம்லே அடிச்சான்?"

"டீக்கடையில. நீங்கதான் உக்காந்து பாத்தீகளே."

"செல்வம், நான் பாத்தேன். தோளைப் பிடிச்சுத் தள்ளினான். கார்த்திகை மாசம்லே அது. மாலை போட்டிருந்தான். மாலை போட்டவன் காலுல ஏது செருப்பு?"

அவன் கை தட்டில் நின்றது. அந்த நேரத்தில் அவன் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்ததைப் பார்த்தேன். சரியான மாதமும் ஒரு தகவலும் போதும், மற்றதெல்லாம் கலைந்துவிடும் என்று நான் நம்பிய கடைசி நேரம் அது.

"கடை வாசல்ல கெடந்ததை எடுத்திருப்பான்" என்றான்.

"எடுத்திருப்பானா, எடுத்தானா?"

"அடி வாங்கினது நானா நீங்களா மாமா?" அவனுடைய இடது கை கன்னத்துக்குப் போயிற்று. விரல்கள் கன்னத்தை மெதுவாகத் தடவின. அவன் பொய் சொல்லவில்லை. அங்கே அவனுக்கு உண்மையாகவே எரிந்தது.

"சாப்பிடுற நேரத்துல ஏண்ணே அவன்கிட்ட வம்பு பண்ணுதீக?" என்றாள் ராஜம்.

வைகாசியில் அந்தச் சாவு வந்தது. சங்கத்துப் பையன் ஒருவன் தேவதானம் ரோட்டில் பைக்கில் போனவன், முன்னால் போன டிராக்டரில் மோதி இறந்தான். டிராக்டரின் பின்னால் சிவப்பு விளக்கு இல்லை. பையனும் வேகம். நான் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன், விசாரித்தேன். விபத்துதான். ஆனால் டிராக்டர் ஓட்டியவர் கணேசனுடைய தாய்மாமன். அவரைப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. ஆத்திரத்துக்கு வெளியே ஓர் ஆள் வேண்டியிருந்தது. மறுநாள் ஒட்டிய போஸ்டரில் விபத்து என்ற சொல் இல்லை. 'சூழ்ச்சியால் சாய்க்கப்பட்ட எங்கள் சிங்கமே' என்று இருந்தது.

கணேசன் ஊரை விட்டுப் போய்விட்டான். எங்கே என்று அவன் தாய் யாருக்கும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக் கதவில் யாரோ சிவப்பு பெயிண்டை ஊற்றியிருந்தார்கள்.

போலீஸில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "புகார்ல என்னன்னுண்ணே எழுதுவீங்க? ஒருத்தரு, மத்தவங்க சொல்றதை உக்காந்து கேக்காருன்னா?"

அதனால் நானே கடைக்குப் போனேன். பகல் பன்னிரண்டு மணி வெயில். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. செத்த பையனின் பெரிய முகம் துணியில் இறங்கிக்கொண்டிருந்தது. செல்வம் ப்ளெக்ஸ் உருளைமேல் உட்கார்ந்திருந்தான். கூட மூன்று பேர். என்னைப் பார்த்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி. வெயில்ல வந்திருக்கீங்க" என்று அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"செல்வத்தைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"கூட்டிட்டுப் போங்க. நான் யாரையும் புடிச்சு வைக்கலையே. கதவு தொறந்துதான் கெடக்கு."

கதவு திறந்துதான் கிடந்தது. செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது ஆக்சிடெண்டு. உங்களுக்கே தெரியும்" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி."

"கணேசன் அதுல எங்க வாரான்? அவன் என்ன பண்ணினான்?"

அவர் மெஷினை நிறுத்தினார். செத்த பையனின் கண்ணுக்குக் கீழே முகம் இல்லாமல் துணி வெள்ளையாக இருந்தது. அத்தனை சத்தம் நின்றதும் என் மூச்சு எனக்கே கேட்டது. அவர் என் எதிரில் ஸ்டூலைப் போட்டு, என் முட்டியில் கை வைத்து, மிக மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு அந்த ஆபீசர் உங்க மூஞ்சில பைலை விட்டெறிஞ்சான்லா. அம்புட்டுப் பேரு நின்னாங்களே. உங்களுக்காக ஒருத்தராவது ஏன்னு கேட்டாங்களா?"

மேஜைமேல் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்குள் பைலின் அட்டை முனை என் கன்னத்து எலும்பில் பட்டது. வலித்தது. அந்த அதிகாரியை நான் ஒரு நாளும் மரியாதை இல்லாமல் நினைத்ததில்லை. அன்று அந்த ஸ்டூலுக்கு எதிரில் உட்கார்ந்து, அவன் இப்போது எந்த ஊரில் இருப்பான் என்று யோசித்தேன். யோசித்தபோது உடம்பில் இதமான ஒரு சூடு ஏறியது. என்னுடைய அறுபத்து சொச்ச வருஷ வாழ்க்கையில் அதைப் போல ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை.

நிமிர்ந்தபோது செல்வம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கை கன்னத்தில் இருந்தது.

"பாத்தியா தம்பி" என்றார் அவர், அவனிடம்.

நான் தனியாகத்தான் பஸ் ஏறினேன்.

ஆடி மாதம் பிறந்த வாரத்தில் அது நடந்தது. கணேசன் வ. புதுப்பட்டியில் ஒரு சொந்தக்காரர் தோப்பில் இருந்தான். பழைய சிம்மை எறிந்துவிட்டான். புது நம்பரைத் தாய்க்கும் ஒரே ஓர் ஆளுக்கும் மட்டும் கொடுத்திருந்தான். அந்த ஓர் ஆள் போன் செய்து, "எங்கலே இருக்க, ஒன்னைப் பாக்கணும்" என்றபோது, வருகிற வழியைச் சொன்னதோடு, பம்புசெட் பக்கம் வந்து நிற்கிறேன் என்றும் சொன்னான். நாலு பேர் இரண்டு பைக்கில் போனார்கள். இரண்டாவது பைக்கை ஓட்டியது செல்வம். அவன் பைக்கை விட்டு இறங்கவில்லை. மற்ற மூன்று பேரும் இறங்கினார்கள்.

தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்ததால் கணேசன் பிழைத்தான். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மற்றவை மடங்கவில்லை. ஒயர் பிடிக்கிற கை.

ஜாமீனில் வந்த பிறகு செல்வத்திடம் ஒரு நாள் கேட்டேன். "யாருலே போன் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லலை மாமா. 'ஒன் சேக்காளி ஒங்கிட்ட மட்டும் பேசுவான்லா'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். அம்புட்டுத்தான்."

அதனால் வழக்கில் அவர் பெயர் எங்கும் இல்லை. அவர் யாரையும் எதையும் செய்யச் சொன்னதில்லை. போலீஸ் விசாரணையில் பையன்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்களாம், 'அண்ணன் நாங்க சொல்றதைக் கேப்பாரு' என்று.

விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நடந்தது. கணேசன் சாட்சி சொல்ல வந்த நாள் மாசி மாதம், வெயில் அப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது. ராஜம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கணேசன் செல்வத்தைக் காட்டிவிட்டால் அவனுடைய வயசுக்காலம் முழுக்க உள்ளேதான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தில் கணேசன் நாலு பேரையும் சொல்லியிருந்தான்.

கூண்டில் ஏறி மடங்காத கையைப் பலகைமேல் வைத்துக்கொண்டான். முதல் மூன்று பேரை ஒவ்வொருவராகக் காட்டினான். நாலாவதாக நின்ற செல்வம் தலையைக் குனிந்திருந்தான்.

"இவரைத் தெரியுமா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"தெரியும். என் சேக்காளி."

"சம்பவ இடத்துல இவர் இருந்தாரா?"

கணேசன் செல்வத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லை. இவன் வரலை."

வக்கீல் வாக்குமூலத்தை எடுத்துக் காட்டி மறுபடி மறுபடி கேட்டார். அவன் அதையே சொன்னான். ராஜம் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. கணேசனின் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டம் முழுவதும் செல்வத்தைத் திரும்பிப் பார்த்தது.

வெளியே வந்தோம். கணேசன் கேட் பக்கம் ஜெராக்ஸ் கடை நிழலில் தாயோடு நின்றுகொண்டிருந்தான். செல்வத்தைப் பார்த்ததும் இடது கையைக் கொஞ்சமாக உயர்த்தினான்.

"போலே" என்றேன். "போய் ஒரு வார்த்தை பேசு. ஒண்ணும் சொல்லத் தோணலைன்னா சும்மா போய் நில்லு."

செல்வம் நகரவில்லை. அவன் முகம் கறுத்துச் சுருங்கியிருந்தது. அழப்போகிறான் என்று நினைத்தேன்.

"எம்புட்டுப் பேரு பாத்தாங்க மாமா" என்றான். "அத்தனை பேரு முன்னால எனக்குப் பிச்சை போட்டுட்டான்."

"உசிரைக் குடுத்திருக்காம்லே ஒனக்கு."

"அதான் சொல்லுதேன். இதுக்கு அவன் என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அவர் வெளியே, கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கூப்பிடவில்லை. கை காட்டவும் இல்லை. செல்வத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். செல்வம் என் கையை விலக்கிவிட்டு, இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டைக் கடந்தான். ஒரு பஸ் பிரேக் போட்டு நின்றது. அவர் முன் கதவைத் திறந்துவிட்டார்.

"பாத்தீகளாண்ணே, அவரு இம்புட்டு நேரமும் வெயில்ல நின்னுருக்காரு" என்றாள் ராஜம். அவள் குரலில் பல மாதங்களாக இல்லாத ஒரு தெம்பு இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மகன் பின்னாலேயே போனாள். பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

கணேசனின் கை இறங்கிவிட்டது. அவன் தாய் அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

"அண்ணே" என்று காருக்குள்ளிருந்து ராஜம் கூப்பிட்டாள். "ஏன் நிக்கீக, வாங்க. எடம் இருக்கு."

அவர் பின் கதவைப் பிடித்துக்கொண்டு, எனக்காகக் காத்து நின்றார். ராஜம் உள்ளே நகர்ந்து உட்கார்ந்து, நான் உட்கார வேண்டிய இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.